‘திருப்தி’க்கும் ‘மிகவும் திருப்தி’க்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் காரைக்குடியில் ஜெராக்ஸ் கடைகளிலும் பைண்டிங் கடைகளிலும் நிற்க இடமிருக்காது. அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகள் சர்வே படிவக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதம் அது. அவர்களில் சிலர் கட்டோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அக்கா, இதுக்கு என்ன டெஸ்ட் போடணும்?” டெஸ்ட் என்றால் புள்ளியியல் சோதனை, படிவத்தில் தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று பார்க்கிற கணக்கு.

கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பலகாரக் கடைக்கு வந்தவர்களிடம் “சுவை எப்படி?” என்று கேட்டிருப்பார்கள். வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றிய இடத்தில் “கவனிப்பு எப்படி?” என்று கேட்டிருப்பார்கள். பதிலுக்கு ஐந்து கட்டங்கள்: மிகவும் அதிருப்தி, அதிருப்தி, நடுநிலை, திருப்தி, மிகவும் திருப்தி. கணினியில் ஏற்றும்போது அவை 1, 2, 3, 4, 5 ஆகிவிடும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. எண்ணாக மாறிய உடனே அதைக் கூட்டலாம், வகுக்கலாம், சராசரி எடுக்கலாம் என்று கை பரபரக்கும். எக்ஸெல் மறுப்பு சொல்லாது. 3.47 என்று இரண்டு தசமம் வரை காட்டும்.

அந்த 3.47-ல் நானே மாட்டியிருக்கிறேன். என் படிப்புக்கால ப்ராஜெக்டின் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, “நடுநிலையிலிருந்து திருப்திக்குப் போற வழியில 0.47 தூரம் வந்திருக்கீங்க. அது எந்த இடம்மா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

மாட்டுவண்டிப் பந்தயத்தை வைத்துச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து விடுவார்கள். வண்டிகள் எல்லை வரை போய்த் திரும்பி வரும். முதலில் வந்த வண்டிக்கு முதல் பரிசு, அடுத்ததற்கு இரண்டாம் பரிசு. முதல் வண்டி மூக்கு நுனியில் முந்தியதா, இரண்டு பர்லாங் முந்தி வந்து மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டதா என்பது பரிசுப் பட்டியலில் இருக்காது. பட்டியலைப் பார்த்து யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லலாம். எவ்வளவு முன்னே என்று சொல்ல முடியாது. அதைத்தான் வரிசைத் தரவு என்கிறோம், ஆங்கிலப் பேரைச் சொன்னால் ஆர்டினல்.

எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-ல் அளவீடுகளை நான்கு வகையாகப் பிரித்தார். வெறும் பெயர் (காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்), வரிசை (பந்தயத்தில் வந்த இடம்), இடைவெளி சமமானது (செல்சியஸ் வெப்பநிலை), உண்மையான பூஜ்யம் உள்ளது (ஆத்தங்குடிக் கல்லின் எடை, விலை). சர்வே கட்டங்கள் இரண்டாவது வகை. ‘நடுநிலை’யிலிருந்து ‘திருப்தி’க்கு ஏறுவது சிலருக்கு ஒரு படி, சிலருக்கு ஒரு மாடி. அதை அளந்து பார்க்க நம்மிடம் அளவுகோல் இல்லை.

இதனால் என்ன கெட்டுப் போகிறது என்று கேட்கலாம். இரண்டு முறுக்குக் கடை, ஒவ்வொன்றுக்கும் நான்கு வாடிக்கையாளர். முதல் கடைக்கு 4, 4, 4, 4. இரண்டாவது கடைக்கு 5, 5, 2, 2. சராசரி 4, 3.5. முதல் கடை ஜெயித்தது, சரி. இப்போது ஒருவர் வந்து, “‘மிகவும் திருப்தி’ என்பது லேசில் வராது, அதற்கு 5 போதாது, 10 கொடுங்கள்” என்கிறார். வரிசை மாறவில்லை, கடைசிக் கட்டம் இன்னமும் கடைசிக் கட்டம்தான். ஆனால் இரண்டாவது கடையின் சராசரி 6 ஆகிவிட்டது, இப்போது அது ஜெயிக்கிறது! வாடிக்கையாளர் யாரும் மனம் மாறவில்லை. நாம் ஒட்டிய எண் மாறியதில் தீர்ப்பு மாறிவிட்டது. வரிசையை மட்டும் பார்க்கிற சோதனைக்கு 5 போட்டாலும் 10 போட்டாலும் ஒன்றுதான். இத்தகைய சோதனைகளைத் தேடிப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, எந்தச் சோதனை? மென்பொருளின் மெனுவைத் திறப்பதற்கு முன்னால் நான் பிள்ளைகளிடம் கேட்பது: பதில் சொன்னது ஒரே ஆட்களா, வேறு வேறு ஆட்களா? ஒப்பிடுவது எத்தனை கூட்டம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

வேறு வேறு ஆட்கள், இரண்டு கூட்டம் என்றால் மான்-விட்னி சோதனை. பேர்தான் மிரட்டும், உள்ளே இருப்பது பந்தயக் கணக்கு. ஒரு பலகாரக் கடையில் உள்ளூர்க்காரர் ஐந்து பேர், வெளியூர்க்காரர் ஐந்து பேர் சுவைக்குப் போட்ட மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்: 2, 2, 3, 3, 4. வெளியூர்: 3, 4, 4, 5, 5. வெள்ளைப் பணியாரம் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவர்கள் கடைப் பணியாரத்துக்கு நான்கு போடுவதே பெரிது என்பதால் இந்த எண்களில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது வெளியூர்க்காரர் ஒவ்வொருவரையும் உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரோடும் மோத விடுங்கள். மொத்தம் 25 மோதல். வெளியூர்க்காரர் போட்டது அதிகமென்றால் ஒரு புள்ளி, சமமென்றால் அரைப் புள்ளி. 3 போட்டவர் இரண்டு பேரை ஜெயிக்கிறார், இரண்டு பேரோடு சமம்: 3 புள்ளி. 4 போட்டவர் நாலு பேரை ஜெயித்து ஒருவரோடு சமம்: 4.5. அப்படி இரண்டு பேர், 9. ஐந்து போட்ட இருவரும் எல்லோரையும் ஜெயிக்கிறார்கள்: 10. ஆக மொத்தம் 22. உள்ளூர்ப் பக்கத்துக்கு மிச்சம் 3. சோதனையின் விடையில் ‘யு’ என்று வருகிற எண் இதுதான். வேறு மந்திரம் எதுவும் கிடையாது.

22-ஐ 25-ஆல் வகுத்தால் 0.88. இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொருவரை எடுத்தால், சமநிலையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, வெளியூர்க்காரர் அதிக மதிப்புப் போட்டிருக்க 100-க்கு 88 வாய்ப்பு. இதை ஆய்வறிக்கையில் யாரும் எழுதுவதில்லை, எல்லோரும் பி மதிப்போடு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு) நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகப் பயனுள்ள எண். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் அவருக்கும் புரியும்.

88 என்றதும் முடிவு உறுதி என்று துள்ள வேண்டாம். ஐந்துக்கு ஐந்து பேர் இருந்தால், வழக்கமான 5 சதவீத வரம்பில் (பி மதிப்பு 0.05), சிறிய யு 2 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. நம்முடையது 3. மயிரிழையில் போச்சு. (சம மதிப்புகள் நிறைய இருக்கும்போது அந்த அட்டவணை கச்சிதமாகப் பொருந்தாது, மென்பொருள் அதற்குத் திருத்தம் போடும், இங்கே தோராயத்துக்குச் சொல்கிறேன்.) வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது, ஆள் போதவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். படிவம் வாங்க வெயிலில் இன்னொரு நாள் அலைவதைத் தவிர வழியில்லை.

இந்தச் சோதனையின் ஒரு வடிவத்தை 1945-ல் வெளியிட்டவர் ஃபிராங்க் வில்காக்ஸன், தொழிலால் வேதியியலாளர். நான்கு பக்கக் கட்டுரை. இரண்டு ஆண்டு கழித்து மான், விட்னி இருவரும் அதை விரித்து எழுதினார்கள். அதனால்தான் சில மென்பொருளில் இது ‘வில்காக்ஸன் ரேங்க் சம்’ என்ற பேரில் இருக்கும். இரண்டும் ஒன்றே. இரண்டையும் போட்டு, “ரெண்டு டெஸ்ட்லயும் ஒரே ரிசல்ட் வந்திருக்குக்கா” என்று ஒரு பிள்ளை பெருமையோடு காட்டியது உண்டு.

இன்னொரு பாடப்புத்தக வாசகத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்: “மான்-விட்னி இடைநிலை மதிப்புகளை ஒப்பிடுகிறது.” (இடைநிலை என்பது பதில்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கிற மதிப்பு.) எப்போதும் அப்படி இல்லை. இரண்டு கூட்டத்தின் பதில் பரவலும் ஒரே உருவத்தில் இருந்தால் அப்படிச் சொல்லலாம். மற்றபடி அது பார்ப்பது எந்தப் பக்கம் மோதலில் அதிகம் ஜெயிக்கிறது என்பதை. மேலே சொன்ன முறுக்குக் கடைகளை மோத விட்டால் 16-ல் எட்டுக்கு எட்டு, சமம். ஆனால் ஒரு கடையில் எல்லோரும் திருப்தி, இன்னொன்றில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கதையை எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்ற எளிய அட்டவணைதான் சொல்லும். சோதனைக்கு முன்னால் அதைப் போட்டுப் பாருங்கள்.

கூட்டம் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் க்ரஸ்கல்-வாலிஸ், 1952-ல் வந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று மூன்று ஊர் வாடிக்கையாளரை ஒப்பிடலாம். ஆனால் அது “எங்கோ வித்தியாசம் இருக்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் என்று தெரிய, அடுத்து டன் சோதனையைப் போட்டு, எத்தனை ஜோடி ஒப்பிடுகிறோமோ அதற்கு ஏற்பப் பி மதிப்பைத் திருத்த வேண்டும். கூட்டங்களே ஒரு வரிசையில் இருந்தால், அதாவது வயது 30-க்குக் கீழ், 30 முதல் 50, 50-க்கு மேல் என்று இருந்தால், ஜோன்கியர்-டெர்ப்ஸ்ட்ரா என்று ஒன்று உண்டு. ஏற ஏறக் கூடுகிறதா என்பதை நேரடியாகக் கேட்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இனி ஒரே ஆட்கள். இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது.

மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேருக்குப் பலகாரம் பொட்டலம் போட்டு விற்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். “தனியாகக் கடை நடத்த முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு?” என்று பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஐந்து கட்டத்தில் கேட்டாயிற்று. இதற்கு மான்-விட்னி போடக் கூடாது. முன்னால் பதில் சொன்ன அக்காதான் பின்னாலும் பதில் சொல்கிறார். அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு அல்ல. இங்கே எல்லோரும் எடுப்பது வில்காக்ஸனின் இன்னொரு சோதனை, குறியிட்ட ரேங்க் சோதனை. எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. அது முதலில் பின்-மதிப்பிலிருந்து முன்-மதிப்பைக் கழிக்கிறது, பிறகு அந்த வித்தியாசங்களை ரேங்க் செய்கிறது. 2-லிருந்து 4-க்குப் போனவர், 4-லிருந்து 5-க்குப் போனவரைவிட அதிகம் மாறினார் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. இடைவெளி தெரியாது என்று சொல்லிவிட்டு இடைவெளியைக் கழித்துப் பார்ப்பது எப்படி?

கறாராக இருக்க விரும்பினால் குறிச் சோதனை இருக்கிறது. ஏறினாரா, இறங்கினாரா, அவ்வளவுதான் கேள்வி. 12 பேரில் 9 பேர் ஏறினார்கள், ஒருவர் இறங்கினார், இருவர் அப்படியே இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே இருந்தவர்களை விட்டுவிட்டால் 10 பேர். பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏறுவதும் இறங்குவதும் காசு சுண்டுவது போல. பத்து முறை சுண்டினால் 9 அல்லது 10 தலை விழும் வாய்ப்பு 1024-ல் 11. இரண்டு பக்கமும் சேர்த்தால் 22, அதாவது சுமார் 0.02. சும்மா வந்த மாற்றம் என்று சொல்வது கஷ்டம். கணினி வேண்டாம், காகிதம் போதும். இந்தக் கணக்கு 1710-லேயே உண்டு. லண்டனில் 82 ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்து, ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம் என்று கண்ட ஜான் அர்பத்னாட், அது தற்செயலாக நடக்காது என்று இதே காசு சுண்டல் வழியில்தான் வாதிட்டார்.

குறிச் சோதனைக்குக் கூர்மை குறைவு என்பார்கள், உண்மைதான். மாற்றத்தின் அளவைத் தூக்கிப்போடுவதால், சின்ன மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். படிகள் ஓரளவு சமம் என்று நம்ப நியாயம் இருந்தால் வில்காக்ஸனே போகட்டும். எதை நம்பி எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒரே ஆள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு மதிப்புப் போட்டால் ஃபிரீட்மன் சோதனை. இதை 1937-ல் எழுதியவர் பின்னாளில், 1976-ல், பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கிய அதே மில்டன் ஃபிரீட்மன். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது, காரணம் எங்கள் அப்பத்தா. யார் வீட்டுச் சீயத்தைக் கொடுத்தாலும் அப்பத்தா மூன்றுக்கு மேல் போடமாட்டார். ஒரு நாள் ஒரு சம்மந்தி வீட்டிலிருந்து வந்ததற்கு, “திங்கலாம்” என்று சொன்னதே அவர் கொடுத்த உச்ச மதிப்பு. என் சின்னம்மா இருக்கிறார், எதைக் கொடுத்தாலும் மூன்றுக்குக் கீழே இறங்கமாட்டார். மூன்று வீட்டுச் சீயத்துக்கு அப்பத்தா 3, 1, 2 போடுவார், சின்னம்மா 5, 3, 4 போடுவார். எண்கள் எங்கோ எங்கோ இருக்கின்றன. ஆனால் வரிசை ஒன்றேதான்: முதல் வீடு, மூன்றாவது வீடு, இரண்டாவது வீடு. ஃபிரீட்மன் சோதனை ஒவ்வொருவருடைய மதிப்பையும் அவரவர்க்குள்ளேயே ரேங்க் செய்துவிடுகிறது. அப்பத்தாவின் கண்டிப்பும் சின்னம்மாவின் தாராளமும் கணக்கிலிருந்து கழன்றுவிடுகின்றன. இதே தரவுக்குத் தெரியாமல் க்ரஸ்கல்-வாலிஸ் போட்டால், மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தில் சீயத்தின் வித்தியாசம் அமுங்கிப் போகும்.

கூட்டங்களை ஒப்பிடாமல், வயது கூடக் கூடத் திருப்தி கூடுகிறதா என்பது போன்ற தொடர்பைத் தேடினால் ஸ்பியர்மன் (1904) அல்லது கெண்டல் (1938). ஐந்தே கட்டம் என்பதால் நிறையப் பேர் ஒரே மதிப்பில் குவிவார்கள். அப்போது சம மதிப்புகளுக்குத் திருத்தம் போட்ட கெண்டலின் டௌ-பி எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே நேரத்தில் வயது, ஊர், வருமானம் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் வரிசை லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்று தனி வழி இருக்கிறது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்க (chi-square) சோதனையைப் பற்றிக் கேட்பீர்கள், எல்லா ப்ராஜெக்டிலும் அது இருக்கும். போடலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு வரிசை தெரியாது. ‘மிகவும் திருப்தி’ கட்டத்தைத் தூக்கி ‘அதிருப்தி’க்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே விடையைத்தான் தரும். கஷ்டப்பட்டு வரிசையாகக் கேட்டுவிட்டு, வரிசையைத் தூக்கி எறிவானேன்?

சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டை அடியோடு விலக்க வேண்டுமா என்றால், இல்லை. ரென்ஸிஸ் லிக்கர்ட் 1932-ல் இந்தக் கட்ட முறையைக் கொண்டுவந்தபோது, ஒரே மனப்பான்மையைப் பல கேள்விகளால் கேட்டு, பதில்களைச் சேர்த்து ஒரு மதிப்பெண்ணாகப் பார்த்தார். (நாம் எல்லோரும் லைக்கர்ட் என்கிறோம், அவர் தன் பேரை லிக்கர்ட் என்றுதான் உச்சரித்தார்.) ஒரே விஷயத்தைப் பற்றிய பத்துக் கேள்விகளின் கூட்டுத்தொகை 10-லிருந்து 50 வரை விரியும். அதற்கு டி-டெஸ்ட் போடுவதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். தனி ஒரு கேள்விக்குப் போடுவதில்தான் சண்டை. ஆட்கள் நிறைய இருந்து, பதில்கள் ஒரே ஓரத்தில் குவியாமல் இருந்தால் இரண்டு வழியும் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐந்து கட்டப் பதிலுக்கு நார்மாலிட்டி டெஸ்ட் (பதில்கள் மணி வடிவத்தில் பரவியிருக்கின்றனவா என்று பார்ப்பது) போட்டு, “நார்மல் இல்லை, அதனால் மான்-விட்னி எடுத்தோம்” என்று எழுதாதீர்கள். ஐந்தே மதிப்பு வரக்கூடிய ஒன்று எப்படி நார்மலாக இருக்கும்? பதில்கள் வரிசைத் தரவு என்பதே போதுமான காரணம். எல்லாச் சோதனையையும் போட்டுப் பார்த்து, 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் எடுத்து ஒட்டுவதும் வேண்டாம். படிவம் அடிக்கும்போதே சோதனையையும் எழுதி வைத்துவிடுங்கள்.

அப்புறம், போன வருஷம் ஒரு பிள்ளை கொண்டுவந்த கட்டில் வெளியூர்க்காரர் திருப்தி எக்கச்சக்கமாக இருந்தது. சோதனை சரி, பி மதிப்பு பிரமாதம். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. அசல் படிவங்களை வாங்கிப் புரட்டினேன். ஐந்து கட்டத்துக்கு அப்பால் ஆறாவதாக ‘சொல்லத் தெரியவில்லை’ என்று ஒரு கட்டம். வெளியூரிலிருந்து முதல் தடவை வந்தவர்கள், இன்னும் எதையும் சாப்பிட்டுப் பார்க்காதவர்கள், நியாயமாக அதில் டிக் அடித்திருந்தார்கள். தட்டச்சு செய்து கொடுத்த இடத்தில் அதற்கு 6 என்று எண் போட்டுவிட்டார்கள். வரிசையை மட்டும் பார்க்கிற சோதனைக்கு 6 என்பது 5-க்கு மேலே, அவ்வளவுதான். பணியாரத்தை வாயில் வைக்காதவர்கள்தான் அந்த ஆய்வில் எல்லோரையும்விடத் திருப்தியானவர்கள்.

அவர்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். வித்தியாசம் காணாமல் போயிருந்தது. “இப்ப என்னக்கா எழுதுறது?” என்றாள். வந்ததை எழுது என்றேன்.